தவசிக்கீரையைப் பச்சையாக அரைத்துக் குடிக்கலாமா?

திருச்சி_கொல்லை

வணக்கம். எங்க வீட்டுக் கொல்லையில தவசிக்கீரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிக்குது. நாகர்கோவில்ல இருக்குற சித்தி குச்சி ஒடிச்சுக் குடுத்தாங்க, நட்டதெல்லாம் பிடிச்சுக்கிச்சு. சில பேர் இதை மல்டி விட்டமின் கீரைன்னும் சொல்றாங்க. பொரியல், பாசிப்பருப்புக் கூட்டு ரெண்டும் வீட்ல எல்லாருக்கும் பிடிக்கும். கீரைன்னாலே முகம் சுளிக்கிற என் பையன்கூட கேட்டு வாங்கிச் சாப்பிடுறான், கசப்பே கிடையாது.

இப்போ என் நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க. தினமும் காலையில வெறும் வயித்துல ரெண்டு கைப்பிடி பச்சை இலையைப் பழத்தோட சேர்த்து மிக்ஸியில அடிச்சுக் குடிச்சா ஒடம்பு எடை குறையுமாம். "உன்கிட்ட செடி இருக்குல்ல, இலை பறிச்சுக் குடு, நாளையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்"னு நிக்கிறாங்க. கீரைதானேன்னு குடுத்துடலாமா? யாராவது இப்படிக் குடிச்சிருக்கீங்களா?

பச்சைக்கிளி_மதுரை

தாராளமா குடுங்க அக்கா. இரும்பு, கால்சியம், விட்டமின் எல்லாம் இருக்கு. சமைச்சா சத்து போயிடும், பச்சையா குடிச்சா முழுசா கிடைக்கும். நான் கறிவேப்பிலை ஜூஸ் தினமும் குடிக்கிறேன்.

கிள்ளான்வாசி

அக்கா, தயவுசெய்து குடுக்காதீங்க. நாத்தனார்கிட்ட இன்னிக்கே பேசுங்க.

நான் மலேசியாவில் இருக்கிறேன். இங்கே இந்தக் கீரைக்குச் செக்கூர் மானிஸ் என்று பெயர், சாயூர் மானிஸ் என்றும் சொல்வார்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். முட்டை ஊற்றிப் பிரட்டுவார்கள். சீனர் கடைகளில் பான் மீ என்ற நூடுல்ஸ் சூப்பில் இந்த இலை இல்லாமல் கிண்ணம் வராது. சபா மாநிலத்தில் நிழலில் வளர்த்து, உரம் கொடுத்து, நுனித்தண்டைப் பிஞ்சாக ஒடித்துப் பூண்டோடு வதக்கிப் பரிமாறுகிறார்கள். எங்கள் வீட்டிலும் சிறு வயதிலிருந்தே சாப்பிடுகிறோம். இந்தக் கீரைமேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆனால் அந்த வீடியோவில் சொல்லும் முறை இருக்கிறதே, அதே முறையைத் தைவானில் ஏற்கெனவே ஊரே செய்து பார்த்தாகிவிட்டது. 1990களின் நடுவில் இந்தச் செடி எடை குறைக்கும் கீரை என்று அங்கே பிரபலமானது. பச்சை இலையைக் கொய்யாவோடும் அன்னாசியோடும் அடித்துத் தினமும் குடித்தார்கள். சில வாரங்களில் இருமல் தொடங்கியது, பிறகு மூச்சுத் திணறல். 1995 இல் தெற்குத் தைவான் மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதற்கு முன் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். 1996 இல் லான்செட் மருத்துவ இதழில் 23 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தது. பிறகு கணக்கு 200ஐத் தாண்டியது. சிலர் இறந்தார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைவரை போனது.

பச்சைக்கிளி தம்பி, கறிவேப்பிலையை இதோடு ஒப்பிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு செடி.

பச்சைக்கிளி_மதுரை

அண்ணா, எனக்கு இது தெரியாது. ஆனா ஒரு கேள்வி. கோடிக்கணக்கான பேர் சாப்பிடுற ஒரு கீரை எப்படி நுரையீரலைக் கெடுக்கும்? பூச்சிமருந்து அடிச்ச இலையா இருக்கலாமே? இயற்கையா வளர்த்தா என்ன ஆகப்போகுது?

மூச்சு_வார்டு

நான் கோவையில் நுரையீரல் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தச் செடியின் பெயர் எங்கள் பாடத்தில் வரும், அதனால் எழுதுகிறேன்.

தைவானில் அவர்களுக்கு வந்த நோய் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ். மூச்சுக்குழாய் பிரிந்து பிரிந்து கடைசியில் நூல்போல ஆகும் இடம் இருக்கிறதல்லவா, அந்த நுண்குழல்களின் சுவர் வீங்கி, தழும்பேறி, துவாரம் அடைபட்டுப்போகும். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். ஆஸ்துமாவிலும் குழல் சுருங்கும், ஆனால் இன்ஹேலர் அடித்தால் திரும்ப விரியும். இதில் விரியாது. ஸ்டீராய்டு கொடுத்தும் பெரும்பாலானோருக்குப் பலன் கிடைக்கவில்லை. கீரையை நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகும் நுரையீரல் பழைய நிலைக்கு வரவில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிடலாம் என்று நினைத்துச் சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. இருமல் ஆரம்பிக்கும்போதே உள்ளே தழும்பு விழுந்திருக்கலாம்.

பூச்சிமருந்தா என்ற சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் பொருந்தவில்லை. நோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இருந்தது இந்த இலைதான். அதிகமாகவும் நாள்கணக்கிலும் சாப்பிட்டவர்களுக்குப் பாதிப்பும் அதிகம். தவிர ஜப்பானிலும் இதே நோய் வந்தது. அங்கே இந்தச் செடிக்கு அமாமேஷிபா என்று பெயர். இலையைக் காயவைத்துத் தூளாகவும் மாத்திரையாகவும் ஆரோக்கிய உணவு என்று விற்றார்கள். சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் பாதித்தது. 2003 இல் ஜப்பான் அரசு அந்தத் தூள், மாத்திரை வகைகளின் விற்பனையைத் தடை செய்தது. வேறு நாடு, வேறு வயல், வேறு வடிவம், அதே இலை, அதே நோய்.

எந்த வேதிப்பொருள் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. இலையில் பாப்பவெரின் இருக்கிறது என்று பழைய ஆய்வு ஒன்று சொன்னதால் பலரும் அதைக் கைகாட்டுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை, ஏனென்றால் பாப்பவெரின் பல காலம் மருந்தாகவே கொடுக்கப்பட்ட பொருள். காரணம் பிடிபடவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. எவ்வளவு வரை குடித்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு அளவு சொல்லவும் இயலாது என்பதுதான் அதன் பொருள்.

திருச்சி_கொல்லை

படிச்சதும் கை நடுங்கிடுச்சு. நாங்க பொரியலாத்தான் சாப்பிடுறோம், அதுவும் அப்பப்போ. அதை நிறுத்தணுமா? பையன் சாப்பிடுறானே.

மூச்சு_வார்டு

நிறுத்த வேண்டியதில்லை அம்மா. மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் மூன்று நாட்டிலும் இது அன்றாடக் கீரை. சமைத்து, சோற்றோடு, மற்றக் காய்கறிகளோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்கள். தைவானில் நடந்ததுபோல அங்கே நடக்கவில்லை. தைவானில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சமைக்காமல், பெரிய அளவில், நாள்தோறும், வாரக்கணக்கில் குடித்தவர்கள். நன்றாக வேகவைத்து, வாரத்தில் ஓரிரு முறை, ஒரு கரண்டி இரண்டு கரண்டி என்றால் நான் என் வீட்டிலும் சாப்பிடுவேன். தினம் இதே கீரை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். காயவைத்துப் பொடியாக்கிச் சாம்பாரில், மாவில் கலப்பதையும் தவிருங்கள். பொடியில் எவ்வளவு இலை உள்ளே போகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

மூலிகை_முற்றம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் முப்பது வருடமாக மூலிகை வளர்ப்பவன். தவசி இலைச் சாறு சளிக்கும் இருமலுக்கும் நம் ஊரில் காலங்காலமாகக் கொடுத்து வருவதுதான். என் பாட்டி குழந்தைகளுக்குச் சங்கில் புகட்டியிருக்கிறார். வெளிநாட்டு ஆய்வை வைத்து நம் மருந்தை ஒதுக்கலாமா?

நாஞ்சில்_தோட்டக்காரி

ஐயா, உங்க பாட்டி கொடுத்தது தவசு முருங்கையா இருக்கும். அது வேற செடி, இது வேற செடி. எங்க பக்கமும் இந்தக் குழப்பம் நிறைய உண்டு, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்லுதேன்.

தவசு முருங்கை ஆடாதொடை குடும்பம். குட்டையா வளரும், இலை கணுவுக்கு ரெண்டா எதிரெதிரே இருக்கும், பூ இரண்டு உதடு விரிஞ்சமாதிரி இருக்கும். சளிக்குச் சாறு எடுக்கது அதுலதான்.

நாம இப்ப பேசுத தவசிக்கீரை நெல்லி, கீழாநெல்லி குடும்பம். ஒரு கிளையைப் பார்த்தா கூட்டிலை மாதிரித் தெரியும், ஆனா தனித்தனி இலை, மாறி மாறி ரெண்டு வரிசையில இருக்கும். இலையைத் தூக்கிப் பார்த்தா அடியில சின்னச் சின்னதா செவப்புப் பூ தொங்கும். காய் வெள்ளையா, சில செடியில லேசா ரோஸ் நிறமா, உருண்டையா இருக்கும். அதுக்குத் தலையில செவப்புப் புல்லிவட்டம் நட்சத்திரம் கணக்கா விரிஞ்சு நிக்கும். அந்தக் காயை ஒருதரம் பார்த்துட்டா பிறகு வேற எதோடயும் குழப்பிக்கிட மாட்டீங்க.

கேரளாவுல இது செக்கூர்மானிஸ், வேலிச்சீரைன்னும் சொல்லுவாங்க. கன்னியாகுமரி மாவட்டத்துல பாதி வீட்டு வேலி இதுதான்.

ஒருத்தர் "தவசி சாறு குடி"ன்னு சொல்ல, கேட்டவர் இந்தச் செடியைப் பறிச்சு அரைக்கது நடக்கக்கூடிய காரியம். அதனால செடியைக் கண்ணால பார்க்காம யாரும் யாருக்கும் சாறு சொல்லாதீங்க.

மூலிகை_முற்றம்

விளக்கத்துக்கு நன்றி அம்மா. எங்கள் முற்றத்தில் இருப்பது நீங்கள் முதலில் சொன்ன எதிரிலைச் செடி. படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் சித்த மருத்துவத்தின்மேல் பழி வராமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

மூச்சு_வார்டு

பழி வரவே வராது ஐயா. எடை குறைய இதைக் குடி என்று சொன்னது சித்த மருத்துவம் இல்லை, வீடியோக்காரர்கள். பொதுவாகவே ஒன்றைக் கீரையாகச் சாப்பிடுவதற்கும் அதையே சாறாகக் குடிப்பதற்கும் அளவில் பெரிய வித்தியாசம். ஒரு கட்டுக் கீரையை வதக்கினால் நாலு பேர் சாப்பிடுவோம். அதே கட்டை மிக்ஸியில் அடித்தால் ஒரே ஆள் ஒரே மடக்கில் குடித்துவிடுவார்.

கண்டி_மலர்

நான் யாழ்ப்பாணம், கலியாணம் கட்டிக் கண்டியில இருக்கிறன். இங்க சிங்கள ஆக்கள் இதை ஜப்பன் பட்டு எண்டு சொல்லுவினம். பக்கத்து வீட்டு அக்கா தந்த தடியிலதான் நானும் நட்டனான். எங்கட வீட்டில வறைதான் செய்யிறது. இலையை நல்லாக் குறுணியா அரிஞ்சு, வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் மாசித்தூள் போட்டு வதக்கி, வெந்த பிறகு தேங்காய்ப்பூ போட்டு இறக்கினால் சோத்துக்கு வேற கறி தேவையில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். இங்க எல்லா இலையையும் பச்சையா அரிஞ்சு தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் விட்டுச் சம்பல் செய்யிற பழக்கம் இருக்கு. வல்லாரைக்கு அப்படித்தான். இதையும் அப்படிச் செய்யலாமோ?

மூச்சு_வார்டு

வல்லாரைக்குச் செய்யுங்கள் அக்கா, இதற்கு வேண்டாம். வதக்கினால் இவ்வளவு ருசியாக இருக்கிற கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டு என்ன கூடுதலாகக் கிடைக்கப்போகிறது?

ஜுரோங்_அம்மா

சிங்கப்பூரிலிருந்து. பிள்ளை பிறந்து பால் போதாமல் இருந்தபோது எங்கள் வீட்டில் வேலை செய்த இந்தோனேசியப் பெண் இந்த இலையில்தான் சூப் வைத்துக் கொடுத்தார். அவர்கள் காத்துக் என்கிறார்கள். மக்காச்சோளம், சிவப்பு வெங்காயம், கொஞ்சம் உப்பு, தெளிந்த சாறு, அவ்வளவுதான். தாய்ப்பால் சுரக்க ஜாவாவில் எல்லா வீட்டிலும் இதுதானாம். அங்கே மருந்துக் கடையில் மாத்திரையாகவும் விற்கிறார்கள். குடிக்கலாமா, கூடாதா? என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம்.

மூச்சு_வார்டு

இலை போட்டுக் கொதித்த சூப்பை உணவாக எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பால் சுரப்பைப் பற்றி இந்தோனேசியாவில் சில சிறிய ஆய்வுகள் நல்ல பலன் காட்டியிருக்கின்றன, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரியவை அல்ல. மாத்திரை என்றால் வேண்டாம் என்பேன். ஜப்பானில் நடந்ததைப் படித்தபின் தூளும் மாத்திரையும் எனக்கு ஒப்பவில்லை. தங்கையின் மகப்பேறு மருத்துவரிடம் செடியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, பிரசவத்துக்கு முன்பு வேண்டாம். வியட்நாமில் இதே கீரையை ராவ் ஙொட் என்று இறைச்சி போட்டுச் சூப் வைப்பார்கள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பார்கள், கர்ப்பிணிகளை மட்டும் விலகியிருக்கச் சொல்வார்கள், கருப்பை சுருங்கும் என்ற அச்சத்தால். அதற்கு ஆதாரம் எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பத்து மாதம் வேறு கீரை சாப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

கிள்ளான்வாசி

வியட்நாம்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இலையை உருவிக் கழுவியபின் இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கிவிட்டுத்தான் கொதிக்கும் நீரில் போடுவார்கள். முற்றிய இலைகூடச் சீக்கிரம் மெத்தென்று வெந்துவிடும். பொரியலுக்கும் இதைச் செய்யலாம்.

திருச்சி_கொல்லை

நாத்தனார்கிட்ட பேசிட்டேன். முதல்ல "உனக்கு இலை குடுக்க மனசு இல்ல"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க. தைவான் விஷயத்தையும் மூச்சு_வார்டு சார் எழுதினதையும் அப்படியே வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க! இந்த இழையோட லிங்கை அவங்களுக்கும் அனுப்பியிருக்கோம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, கூட்டு வச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்.

அந்த வீடியோ கீழயும் கமெண்ட் போட்டேன், எடுத்துட்டாங்க.

மூச்சு_வார்டு

அந்த இருவரும் உடனே நிறுத்தட்டும். இருமலோ, படியேறும்போது வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கலோ இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் போய், இந்தக் கீரையின் சாறு குடித்தோம் என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, ஸ்பைரோமெட்ரி. சாதாரண எக்ஸ்ரேயில் இந்த நோய் தெரியாமல் போகலாம், அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. நம் ஊர் மருத்துவர் பலருக்கு இந்தச் செடி நினைவுக்கு வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பச்சைக்கிளி_மதுரை

முதல்ல தாராளமா குடுங்கன்னு நான் எழுதினது அப்படியே கிடக்கு, அதை மட்டும் படிச்சுட்டுப் போறவங்க இருப்பாங்க. நெறியாளர் அதை எடுத்துடுங்க, இல்லன்னா கீழே எச்சரிக்கை சேருங்க.

கிள்ளான் அண்ணா, இதோட காயைச் சாப்பிடலாமா? எங்க மாடியில வைக்கலாமா?

கிள்ளான்வாசி

இங்கே பூவும் பிஞ்சுக் காயும் இலையோடு சேர்ந்து சமையலில் போய்விடும், தனியாகப் பறிப்பது அரிது. பழுத்தால் சதை மெல்லிசு, உள்ளே கறுப்பு விதைதான் நிறைய. அழகுக்காகச் செடியிலேயே விட்டுவிடலாம்.

நாஞ்சில்_தோட்டக்காரி

மாடியில தாராளமா வரும் தம்பி. பென்சிலை விடக் கொஞ்சம் தடிச்ச, பழுப்பேறின குச்சியா ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. பச்சைத் தண்டு வேண்டாம், அழுகிடும். ரெண்டு கணு மண்ணுக்குள்ள இருக்கணும். மண்ணும் மக்கின சாணமும் கொஞ்சம் மணலும் போதும். துளிர் வரது வரைக்கும் நிழல்ல வை. மழை தொடங்குத சமயம் நட்டா ஒண்ணுகூடப் பாழாகாது.

மதுரை வெயிலுக்கு மதியத்துக்கு மேல நிழல் விழுத இடமாப் பாரு. முழு வெயில்ல இலை சிறுத்து மஞ்சளடிக்கும். பாதி நிழல்ல கரும்பச்சையா, அகலமா, பிஞ்சா வரும். தண்ணி தேங்கக்கூடாது.

முக்கியமானது வெட்டு. விட்டா ரெண்டு மூணு மீட்டர் உயரம் போயி, கீழே மொட்டையா, மேல நாலு இலையா நிக்கும். இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிக்கிட்டே இரு. கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை வரும், அந்தக் கிளையோட நுனிதான் கறிக்கு நல்லது. வருசத்துக்கு ஒருதரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அடியில எரு போட்டா திரும்பப் புதுசா தளிர்க்கும். மாவுப்பூச்சி வந்தா அந்தக் கிளையை வெட்டி எறிஞ்சிட்டு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணியில கலந்து அடி.

விதையிலயும் முளைக்கும், ஆனா பழுத்து உடனே போடணும். குச்சி கிடைக்கப்ப விதைக்கு எதுக்கு மெனக்கெடணும்? உனக்குக் குச்சி வேணும்னா தனிமடல்ல முகவரி அனுப்பு, ஈரச் சாக்குல சுத்திக் கூரியர்ல போட்டுவிடுதேன். ரெண்டு மூணு நாள் தாங்கும்.

நெறியாளர்

முதல் பதிலின் கீழ் எச்சரிக்கை சேர்க்கப்பட்டுள்ளது. இழையின் தலைப்புக்கு அடியிலும் இந்த வரி இனி நிலையாக இருக்கும்: "தவசிக்கீரையைச் சமைத்து, அளவாக, இடைவெளி விட்டுச் சாப்பிடவும். பச்சைச் சாறு, தூள், மாத்திரை வேண்டாம்." குச்சிப் பரிமாற்றத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறோம். குச்சி அனுப்புபவர்கள் பொட்டலத்துக்குள் இந்த வரியை ஒரு தாளில் எழுதி வைத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கண்டி_மலர்

நெறியாளர், அந்த வரியைச் சிங்களத்திலயும் எழுதித் தாறன். இங்க தடி வாங்கிப் போற ஆக்களுக்குக் குடுக்கலாம்.